அத்தை உட்கார்ந்தால் அணைகிற கணினி

மாரக்காள் அத்தை உட்கார்ந்தால் கணினி அணைந்துவிடும்.

அம்மா உட்கார்ந்தால் ஒழுங்காக வேலை செய்யும். அப்பா உட்கார்ந்து நூல் விலை பார்த்தாலும் வேலை செய்யும். அத்தை வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாடா ராசா, இன்னிக்கு ஒரு கை பார்க்கலாம்" என்று சீட்டு விளையாட்டைத் திறந்தால் மட்டும், கொஞ்ச நேரத்தில் 'டொப்' என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிடும்.

"நல்லா வந்துட்டிருந்தது சாமி. ராணி மட்டும்தான் பாக்கி" என்று அத்தை கயல்விழியைப் பார்ப்பார். கையில் மவுஸ் அப்படியே இருக்கும்.

கயல்விழி ஆறாம் வகுப்பு. குமாரபாளையத்தில் அவள் வீட்டின் பின்பக்கம் தறிக்கூடம். அங்கே அப்பா முருகானந்தத்தின் விசைத்தறிகள் காலையிலிருந்து 'டக்கு டக்கு' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா சரிதா கணினியில் சேலைக் கரைக்கு மயிலும் மாங்காயும் வரைந்து, தறி வைத்திருப்பவர்களுக்கு அனுப்புவார். ஆகவே அந்த வீட்டில் கணினி என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. அதுவும் ஒரு தறி மாதிரிதான்.

மாரக்காள் அத்தை அப்பாவின் அக்கா. கெங்கவல்லியில் மரவள்ளிக்கிழங்குக் காடு வைத்திருக்கிறார். அவருடைய வீட்டின் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போடுகிறார்கள். "தளம் காயற வரைக்கும் தம்பி ஊட்டுல இருந்துக்கறேன்" என்று, ஒரு மூட்டைக் கிழங்கோடு வந்து இறங்கினார்.

அத்தைக்கு உள்ளறையைக் கொடுத்தார்கள். அங்கே இருந்த கணினியை அப்பா தூக்கி வந்து கூடத்தில் வைத்தார். திரை மேசைமேல். பெரிய பெட்டி மட்டும் கீழே, தறிக்கூடத்துக் கதவோரம், தரையில்.

காட்டில் நாளெல்லாம் நின்று பழகிய அத்தைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "உக்காந்தே இருந்தாக் கை காலெல்லாம் ஊறுது சாமி" என்றார். பள்ளி விட்டு வந்த கயல்விழி ஒரு சாயங்காலம் அவருக்குச் சீட்டு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். சிவப்புக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே சிவப்பு. அத்தை அதைப் பிடித்துக்கொண்டவர்தான், விடவே இல்லை.

ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நடுவிலேயே 'டொப்'.

முதலில் வைத்தியம் பார்த்தவர் அப்பா. அவருக்கு எந்த இயந்திரமானாலும் ஒரே மருந்துதான். தறிக்கூடத்திலிருந்து எண்ணெய்க் குப்பியோடு வந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் விடற ஓட்டை எங்க இருக்குது?"

"ஏனுங்க, அதைக் கீழ வெய்யுங்க" என்றார் அம்மா.

"ரெண்டு சொட்டு சரிதா."

"ஒரு சொட்டும் வேண்டாம். பேசாம சரவணக்குமாருக்குப் போனைப் போடுங்க."

சரவணக்குமார் கணினி பழுது பார்ப்பவர். "வெளியூர்ல இருக்கறனுங்க. புது வருசம் கழிச்சுத்தான் வர முடியும்" என்றுவிட்டார். அம்மாவின் முகம் வாடியது. தை மாதக் கல்யாணச் சேலைக்கான கரை ஒன்றை அவர் மறுநாள் மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

அப்போது பக்கத்து வீட்டுக் காளியண்ணன் வந்தார். லாரி ஓட்டுபவர். கூடத்தில் நின்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"எப்பருந்து இப்படி?" என்றார்.

"ரெண்டு மூணு வாரமா" என்றார் அப்பா.

"அக்கா எப்ப வந்தாங்க?"

"அதுவும் ரெண்டு மூணு வாரந்தான்."

காளியண்ணன் சிரித்தார். "அப்பறமென்ன? அக்காவோட கை ராசி அப்படி."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அப்பாவும் சிரித்துவிட்டார். உள்ளறை வாசலில் நின்றிருந்த அத்தை சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அன்று மதியம் அத்தை கணினிப் பக்கமே வரவில்லை. சாயங்காலம் கயல்விழி உள்ளறைக்குப் போனபோது, கட்டிலின்மேல் பை திறந்து கிடந்தது. அத்தை சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க அத்தை கெளம்பிட்டீங்க?"

"ஊருக்குத்தான். நாளைக்கு மத்தியானம் பஸ் ஏறுனா இருட்டறதுக்குள்ள போயிருவேன்."

"அங்க வீட்டுக்கு மேல கூரையே இல்லையே."

"மாட்டுக்கொட்டாய்ல இருக்குதல்லோ. மாடு ஒண்ணும் சொல்லாது." அத்தை பையை அமுக்கினார். "உங்கம்மா பொழைக்கற பொழப்பு அந்தப் பொட்டியிலதான். நான் வந்து அதுல கை வெச்சு, அது நின்னு போச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

கயல்விழி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சீட்டு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அத்தை போய்விட்டால் வீடு எவ்வளவு அமைதியாகிவிடும் என்றும் நினைத்துப் பார்த்தாள். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரல் அந்த வீட்டில் அத்தையுடையது ஒன்றுதான்.

கை பட்டால் ஒரு இயந்திரம் எப்படி நின்றுபோகும்? அத்தை கை பட்ட மிக்ஸி ஓடுகிறது. அத்தை கை பட்ட மின்விசிறி சுற்றுகிறது. கணினிக்கு மட்டும் எப்படித் தெரியும், இது மாரக்காளின் கை என்று?

அரையாண்டு விடுமுறை என்பதால் அவள் நாளெல்லாம் வீட்டில்தான் இருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து, தினமும் நடப்பதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். காலையில் அம்மா கணினியைப் போடுவார். சமைக்கிற நேரம் வரை வரைவார். அம்மா எழுந்ததும் அந்தச் சூட்டோடு சூடாக அத்தை வந்து உட்காருவார். மதியமும் அதே கதை. அம்மா எழுந்தால்தான் அத்தைக்கு நாற்காலி.

"அத்தை எப்பவும் ரெண்டாவது" என்று கயல்விழி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் அத்தையின் எதிரில் போய் நின்றாள்.

"அத்தை, இன்னிக்கு நீங்க மொதல்ல உக்காருங்க. அப்பறம் அம்மா உக்காரட்டும்."

"நான் அதைத் தொடமாட்டேன் சாமி. அதுக்கும் எனக்கும் ஆகாது."

"பந்தயம் வெச்சுக்கலாங்களா? நீங்க உக்காந்து அணைஞ்சா, உங்க பையை நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வாரேன். அணையலீன்னா நீங்க தளம் காயற வரைக்கும் இங்கதான்."

அத்தைக்குப் பந்தயம் என்றால் மறுக்கத் தெரியாது. அம்மாவைப் பார்த்தார். அம்மாவும், "உக்காருங்க அண்ணி. நான் தோசை ஊத்தி முடிச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.

அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுடுகிற தோசைக்கல்லைத் தொடுவதுபோல ஒரே விரலால் மவுஸைத் தொட்டார். அணையவில்லை. ஒரு சீட்டை நகர்த்தினார். அணையவில்லை.

அப்போது பூனை வந்தது. அதன் பெயர் நாடா. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற நாடாவைப்போல, அதுவும் குட்டியாக இருந்தபோது வீடு முழுக்கப் பாய்ந்துகொண்டே இருந்ததால் அப்பா வைத்த பெயர். இப்போது அது எங்கேயும் பாய்வதில்லை. மார்கழிக் குளிருக்கு இதமான இடம் தேடிப் படுப்பதோடு சரி. கணினிப் பெட்டியின்மேல் ஏறி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடியது.

அத்தை ஒரு ஆட்டத்தை முழுதாக முடித்தார். ஜெயிக்கவில்லை. ஆனால் முடித்துவிட்டார். கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"அணையல சாமி" என்றார், நம்ப முடியாமல்.

"இப்ப அம்மா உக்காரட்டும். நீங்க சமையல்கட்டுக்குப் போயிருங்க."

அம்மா உட்கார்ந்து கல்யாணச் சேலையின் கரையைத் திறந்தார். மயிலின் தோகைக்குள் ஒவ்வொரு புள்ளியாக நிறம் வைத்தார். கயல்விழி தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் போனது.

திடீரென்று நாடா கண்ணைத் திறந்தது. ஒரு காலைத் தூக்கியது. அதை வைத்துவிட்டு இன்னொரு காலைத் தூக்கியது. பிறகு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே குதித்துப் போனது.

அடுத்த கொஞ்ச நேரத்தில், 'டொப்'.

"ஐயோ, மயிலு" என்றார் அம்மா.

சமையல்கட்டு வாசலில் அத்தை தோன்றினார். கையில் தோசைத் திருப்பி.

"சரிதா, நான் இங்க நிக்கறேன், பாத்துக்க. என் கை ரெண்டும் இங்கதான் இருக்குது. தம்பி, நீயும் வந்து பாரு."

அப்பா தறிக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். "என்னாச்சு?"

"உங்க அக்கா மேல தப்பில்லீன்னு ஆச்சு" என்றார் அம்மா. "ஆனா சாயங்காலத்துக்குள்ள நான் டிசைனை அனுப்பணும். அதுக்கு யாரு பதில் சொல்றது?"

கயல்விழி பூனையையே யோசித்துக்கொண்டிருந்தாள். இதமாக இருக்கிறது என்று ஏறிப் படுத்த பூனை, ஏன் இறங்கிப் போக வேண்டும்? பெட்டியின்மேல் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, இங்க கை வெச்சுப் பாருங்க."

அப்பா வைத்தார். "என்ன இது, இப்படிக் கொதிக்குது?"

"சூடு தாங்காமத்தான் நாடா எறங்கிப் போச்சு. சூடு தாங்காமத்தான் இதுவும் அணைஞ்சு போகுது. அம்மா வேலை செஞ்சு முடிக்கறப்பவே பாதி சூடாயிருது. மீதி சூடு ஏறறப்ப அத்தை உக்காந்திருக்காங்க."

"அப்படின்னா எண்ணெய்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"எண்ணெய் வேண்டாம்ப்பா."

பெட்டிக்குள் சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி இருக்கும் என்று கயல்விழிக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றால் காலில் காற்று அடிக்கும். இந்தப் பெட்டியின் சூடு ஆறியதும் கணினியை மறுபடி போடச் சொன்னாள். தறிக்கூடத்திலிருந்து ஒரு கழிவு நூலை எடுத்து வந்து, பெட்டியின் பின்பக்கம் காற்று வருகிற ஓட்டைகளுக்கு நேராகத் தொங்கவிட்டாள்.

நூல் படபடக்க வேண்டும். அது சும்மா தொங்கியது.

"காத்தே வரல. உள்ள என்னமோ அடைச்சிருக்குது."

அம்மா மறுபடியும் சரவணக்குமாரைக் கூப்பிட்டார். கயல்விழி போனை வாங்கி, நடந்ததைச் சொல்லி, "தெறந்து சுத்தம் பண்ணலாங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

"பெரியவங்களக் கூட வெச்சுக்க. ப்ளக்கைப் பிடுங்கிட்டுத் தெற. ஈரத்துணி கூடாது. உங்கப்பா எண்ணெய்க் குப்பியோட நிக்கறாரா?"

"ஆமாங்க."

"அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

அப்பா ப்ளக்கைப் பிடுங்கினார். எல்லாரும் சேர்ந்து பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். திருப்புளியால் பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும், எதையும் தொடுவதற்கு முன்னால் கயல்விழி அம்மாவின் போனில் ஒரு படம் எடுத்தாள். "எது எது எங்க இருந்துச்சுன்னு தெரியணுமல்ல" என்றாள்.

உள்ளே ஒரு குட்டி மெத்தை இருந்தது.

உண்மையிலேயே மெத்தைதான். தறியில் ஓடுகிற நூலிலிருந்து பறக்கிற பஞ்சுப் பிசிறு, விசிறியைச் சுற்றியும் அதற்குக் கீழே இருந்த உலோகத் தகடுகளின் இடுக்கிலும் அடைந்து கிடந்தது. விசிறி இருக்கிற இடமே தெரியவில்லை. அடியில் சாம்பல் நிறம். அதற்கு மேலே மாம்பழ மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே நல்ல கத்தரிப்பூ நிறம்.

அப்பா குனிந்து பார்த்தார். "அட, இந்தக் கத்தரிப்பூக் கலரு இந்த மாசம் நாம ஓட்டுன சேலையல்லோ."

"இந்த மாசமா?" என்றார் அத்தை. அவர் குரல் இறங்கியது. "அப்ப நான் வந்ததுக்கப்பறம்தான்."

"நீங்க வந்ததால இல்லீங்க அத்தை. பெட்டியைத் தறிக்கூடத்துக் கதவுகிட்ட தரையில வெச்சதால. பிசிறெல்லாம் நேரா உள்ள போயிருக்குது" என்றாள் கயல்விழி.

"அதை அங்க வெச்சது யாரு?" என்று அம்மா கேட்டார்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"களையெடுக்கற வேலைதானே? எங்கிட்ட விடுங்க" என்று அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வாசற்கதவுக்குச் சாயம் பூச வாங்கி, பிரிக்காமலே கிடந்த பிரஷ் ஒன்று இருந்தது. விசிறி சுழலாமல் கயல்விழி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள, அத்தை பிரஷ்ஷால் பிசிறைக் கிளறிக் கிளறி எடுத்தார். மரவள்ளிக் காட்டில் களைக்கொத்து போடுகிற அதே வேகம். பஞ்சு பறந்தது. அப்பா தும்மினார். நாடா தூரத்தில் நின்று தும்மியது.

"மெதுவாங்க அத்தை."

"வேர் வரைக்கும் எடுக்கணும் சாமி. இல்லீன்னா மறுபடி மொளைச்சிரும்."

விசிறி பளிச்சென்று தெரிந்தது. தகட்டை மூடினார்கள். இந்த முறை பெட்டியை மேசைமேலேயே, தறிக்கூடத்துக் கதவிலிருந்து தள்ளி வைத்தார்கள். ப்ளக்கைச் செருகினார்கள். கயல்விழி பொத்தானை அழுத்தினாள்.

'பீப்... பீப்... பீப்.'

திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் மட்டும் நிற்காமல் வந்தது, லாரி பின்பக்கமாக வருகிறபோது கேட்குமே, அந்த மாதிரி. அதைக் கேட்டுக் காளியண்ணனே தன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தை பிரஷ்ஷை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கயல்விழி பெட்டியின் பக்கம் குனிந்தாள். முன்னே அணைந்ததுதான், இப்படிக் கத்தியதில்லை. திறந்த பிறகுதான் கத்துகிறது. அப்படியானால் திறந்தபோது ஏதோ ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும். மறுபடியும் ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னாள். தகட்டைக் கழற்றி, போனில் இருந்த படத்தையும் உள்ளே இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விசிறி அதே இடத்தில். வயர்கள் அதே இடத்தில். விசிறிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பச்சை வில்லை நின்றுகொண்டிருந்தது. படத்தில் அதன் இரண்டு முனைகளையும் இரண்டு வெள்ளைக் கொக்கிகள் பிடித்திருந்தன. இப்போது ஒரு கொக்கி விலகி, வில்லை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"இதுதான். பிரஷ் பட்டு நகந்திருக்குது."

"பாத்தியா, என் கைதான்" என்றார் அத்தை.

கயல்விழி நிமிர்ந்து பார்த்தாள். "கைதானுங்க அத்தை. ஆனா ராசி இல்ல, வேகம். கொஞ்சம் மெதுவாத் தள்ளியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. இப்ப நீங்களே அமுக்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, நேரா."

"நானா?"

"ஆமாங்க. மெதுவா."

அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சை வில்லையின் இரண்டு முனைகளிலும் கட்டைவிரல்களை வைத்து அமுக்கினார். 'க்ளிக்' என்று கொக்கி மூடிக்கொண்டது.

பொத்தானை அழுத்தினார்கள். ஒரே ஒரு சின்ன பீப். பிறகு திரை வெளிச்சமானது. பின்னால் பிடித்த நூல், கொடியைப்போலப் படபடத்தது.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன மயிலைத் திறந்தார். மதியம் வரை வரைந்தார். அணையவில்லை. நாடா ஏறி வந்து பெட்டியின்மேல் படுத்துப் பார்த்தது. சூடே இல்லை. எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலத்துக்கு வெகு முன்னாலேயே கரை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

காளியண்ணன் வாசலில் வந்து நின்றார். "சரியாயிருச்சுங்களா?" என்று தலையைச் சொறிந்தார்.

"வாங்க தம்பி" என்றார் அத்தை. "போன வாரம் உங்க லாரி டயரு தொப்பூர்கிட்ட வெடிச்சுதாமா. அப்ப நான் இங்க கெழங்கு வேக வெச்சுட்டிருந்தேன். அதையும் என் கணக்குல எழுதிக்கறீங்களா?"

"விளையாட்டுக்குச் சொன்னதுங்க அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்கல. வந்து கெழங்கு சாப்புடுங்க."

அவர் வந்து சாப்பிட்டார். இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டார்.

கயல்விழி உள்ளறைக்குப் போய், கட்டிலின்மேல் இருந்த பையிலிருந்து சேலைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அத்தை அதைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். இந்த முறை நாற்காலியின் நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து.

ஆட்டம் நீண்டுகொண்டே போனது. கணினி அமைதியாக ஓடியது. அத்தை முனகினார். சீட்டுகளை மிரட்டினார், கெஞ்சினார். கடைசியில் நகர்த்த ஒரு சீட்டும் இல்லாமல் திரை அப்படியே நின்றது.

"சாமி, இங்க வா. மறுபடியும் ரிப்பேரு."

கயல்விழி ஓடி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. திரையைப் பார்த்தாள்.

"ரிப்பேரு இல்லீங்க அத்தை. நீங்க தோத்துட்டீங்க."

அத்தை திரையையே பார்த்தார். பிறகு தறிச் சத்தத்தைத் தாண்டிப் பின்தெரு வரை கேட்கும்படி சிரித்தார்.

"அப்படியா? அப்ப இன்னொரு ஆட்டம் போடு. தளம் காயறதுக்கு இன்னும் நாள் கெடக்குது."